கடன் கட்டிய 33 மாதமும் கைவிடாமல் இருந்தது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு, புறக்கோட்டையில் கணக்கெழுதும் வேலை, இரண்டு பிள்ளைகள். அலுவலகக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிற எனக்கு, என்னுடைய சொந்தக் கடன் எவ்வளவு என்று தெரியாமலே நாலு வருடம் ஓடியது. ஒருநாள் கூட்டிப் பார்த்தபோது 1,240,000 ரூபாய் வந்தது. இரண்டு கடனட்டை, ஒரு தனிநபர் கடன், அடைவில் (அடகில்) கிடந்த காப்பு, ஒரு கைமாற்று. கட்டி முடிக்க 33 மாதம் எடுத்தது.

செலவைக் குறை, மிச்சத்தைக் கட்டு என்று புத்தி சொல்ல ஆட்கள் நிறைய. ஆனால் சிக்கல் ஆறாம் ஏழாம் மாதம் வருகிறது. கட்டிக்கொண்டே இருப்போம், ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியாது. 'இவ்வளவு வாயைக் கட்டி என்ன கண்டோம்' என்று ஒரு வெறுப்பு வரும். அதே இடத்தில் முன்பு இரண்டு தரம் விட்டிருக்கிறேன். மூன்றாம் தரம் மனவுறுதி கூடிவிட்டதென்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். கடன் குறைவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன், அவ்வளவுதான். அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒரே இரவில் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக் கூட்டுங்கள்

பிள்ளைகள் படுத்த பிறகு உட்காருங்கள். தேவையானவை:

- ஒவ்வொரு கடனட்டைக்கும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்
- தனிநபர் கடனின் ஒப்பந்தப் பிரதி, தவணை அட்டவணை
- அடகுச் சீட்டு (அசல், கைப்பையில் மடித்து வைத்திருந்தால் முதலில் அதை ஒரு கவரில் போடுங்கள்)
- லீசிங் இருந்தால் அதன் தவணைப் புத்தகம்
- கைமாற்று வாங்கியவர்களின் பெயர், தொகை, வாங்கிய மாதம்
- உங்கள் கிரிப் அறிக்கை

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். அங்கே பெயர் இருந்தாலே ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவரின் கடனும் அதில் இருக்கும். உங்கள் பெயரில் என்னென்ன கடன் திறந்திருக்கிறது, எது பிந்தியிருக்கிறது, யாருக்கெல்லாம் பிணை நின்றிருக்கிறீர்கள் என்பது அதில் வரும். தேசிய அடையாள அட்டையுடன் உங்கள் வங்கிக் கிளையில் விண்ணப்பிக்கலாம். சிறு கட்டணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது எடுத்த தவணைக் கடன், முடிந்துவிட்டது என்று நான் நினைத்தது, திறந்தபடியே இருந்தது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நல்லவேளை, அதில் காசு மிச்சமில்லை.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே கூட்டுங்கள். என்னுடைய இரண்டாவது அட்டை பற்றி என் கணவருக்குத் தெரியாது. அன்றிரவு கொப்பியில் அதை எழுதும்போது கை நடுங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையில் இருந்த பேனையை வாங்கி அடியில் 'சின்ன மாமா 100,000' என்று எழுதினார். அது எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். அந்த இரவு சண்டை வராததே பெரிய காரியம்.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது: முதல் அட்டை 310,000. இரண்டாம் அட்டை 145,000. தனிநபர் கடன் 460,000. அடைவு 225,000. சின்ன மாமா 100,000.

2. 'குறைந்தபட்சத் தொகை'யை நம்பாதீர்கள்

மனம் விட்டுப்போவதற்கு முதல் காரணமே இதுதான் என்பது என் கருத்து. ஸ்டேட்மென்ட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு கட்டலாம் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதம். அதைக் கட்டினால் அந்த மாதம் போன் வராது. ஆனால் நிலுவை குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். நீங்கள் கட்டுவது குறைந்துகொண்டே போவதால், கடன் இழுபட்டுக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் பாருங்கள். நிலுவை 300,000, வட்டி ஆண்டுக்கு 28 சதவீதம், புதுச் செலவு ஒன்றும் இல்லை. முதல் மாதக் குறைந்தபட்சம் 15,000. அதில் ஏறத்தாழ 7,000 வட்டிக்கே போய்விடும். மாதாமாதம் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால் 28 மாதம் கழித்தும் சுமார் 136,000 மிச்சம் நிற்கும். அதே 15,000ஐ இறக்காமல் ஒவ்வொரு மாதமும் கட்டினால் 28ஆம் மாதத்துக்குள் அட்டை பூச்சியம். தொடங்கும்போது இரண்டும் ஒரே தொகைதான்.

ஆகவே முதல் மாதக் குறைந்தபட்சம் எவ்வளவோ, அதை உங்கள் நிரந்தரத் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். 28 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கு 28 சதவீதம், அடகுக்கு 18 சதவீதம் என உச்ச வரம்பு போட்டது. வங்கிக்கு வங்கி வித்தியாசம் இருக்கும், காலத்துக்குக் காலம் மாறும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் எத்தனை என்று இருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அட்டையை என்ன செய்வது? வெட்டிப் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் வெட்டவில்லை, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஏணி வைத்து எடுக்கிற சோம்பலே போதும். போன் செயலிகளில் சேமித்திருந்த அட்டை இலக்கத்தை அழிக்க மறக்காதீர்கள். சாப்பாடு வரவழைக்கிற செயலிதான் எங்கள் வீட்டில் பெரிய ஓட்டை.

3. முதலில் சின்னக் கடனை முடியுங்கள்

வட்டி கூடியதை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி லாபம். கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் முதல் அட்டையை முதலில் எடுத்திருந்தால், ஒன்றாவது முடிந்தது என்று சொல்ல ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். அவ்வளவு காலம் நான் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரியும். இரண்டு அட்டைக்கும் வட்டி ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் சின்னதை எடுப்பதில் நட்டமும் பெரிதாக இல்லை.

மாதம் 52,000 ரூபாயைக் கடனுக்கு ஒதுக்கினோம். தனிநபர் கடன் தவணை 16,200, முதல் அட்டைக்கு 15,500, மாமாவுக்கு 3,000. மிச்சம் 17,300 முழுக்க இரண்டாம் அட்டைக்கு. பத்தாம் மாதம் அது முடிந்தது. முடிந்ததும் அந்த 17,300ஐ அப்படியே அடைவுக்குத் திருப்பினோம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஒரு கடன் முடிந்ததும் அந்தக் காசு 'மிச்சம்' மாதிரித் தோன்றும், புதுப் போன் கண்ணில் படும். முடிகிற மாதத்துக்கு முன்பே அடுத்து அது எங்கே போகும் என்று எழுதி வையுங்கள்.

உறவுக்காரர் கடனுக்கு வட்டியில்லைதானே என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள். 3,000 சின்னத் தொகைதான். ஆனால் மாதாமாதம் போனதால் மாமா வீட்டு விசேஷத்துக்குத் தலைநிமிர்ந்து போக முடிந்தது. அனுப்பியதும் "மாமா, இந்த மாதத்தது போட்டிருக்கிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப். அவர் கட்டைவிரல் படம் போடுவார். அதுதான் எங்கள் ரசீது.

4. அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்

கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். செய்து பாருங்கள்.

பிள்ளையின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். ஒரு கட்டம் 10,000 ரூபாய். 124 கட்டம். அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன், வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல் இருக்க. மாதக் கடைசியில் எல்லாக் கடனின் நிலுவையையும் கூட்டி, முந்தின மாதத்தைவிட எத்தனை குறைந்ததோ அத்தனை கட்டத்துக்கு நிறம் தீட்டுவோம். கட்டிய தொகைக்குத் தீட்டக்கூடாது, *குறைந்த நிலுவைக்கு*த் தீட்ட வேண்டும். முதல் மாதம் 52,000 கட்டி மூன்று கட்டம்கூட நிரம்பவில்லை. வட்டி எவ்வளவு தின்கிறது என்று அன்றுதான் வயிற்றில் உறைத்தது. ஆறாம் மாதமளவில் ஒரு வரி முழுவதும் பச்சையாகியிருந்தது. புதன்கிழமை சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

செயலிகள் பல இருக்கின்றன. நான் இரண்டைப் போட்டு அழித்துவிட்டேன். போனுக்குள் இருப்பதை மூன்றாம் வாரம் மறந்துபோகிறோம்.

5. சம்பள நாளிலேயே காசைப் பிரித்து வையுங்கள்

எனக்குச் சம்பளம் 25ஆம் திகதி. முன்பு ஒரு தரம் முதல் இரண்டு மாதமும் மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று பார்த்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தத் தரம் 26ஆம் திகதிக்கு ஸ்டாண்டிங் ஓடர் (வங்கி தானாகவே மாதாமாதம் காசை அனுப்புகிற ஏற்பாடு) போட்டேன். கிளையில் ஒரு படிவம், அல்லது இணைய வங்கியிலேயே செய்யலாம்.

கவனிக்க:

- ஸ்டேட்மென்ட் திகதி வேறு, கட்ட வேண்டிய கடைசித் திகதி வேறு. சம்பளத்துக்கு முன் கடைசித் திகதி வருகிறதென்றால், திகதியை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள்.
- போயா, வெள்ளி மாலை, நீண்ட விடுமுறை. வேறு வங்கியிலிருந்து கடைசி நாளன்று அனுப்பினால் அடுத்த வேலை நாளில் பதிவாகித் தாமதக் கட்டணம் விழலாம். மூன்று வேலை நாள் முந்திக் கட்டுங்கள்.
- 52,000 முடியாதென்றால் 30,000 என்று தொடங்குங்கள். பெரிய தொகை போட்டு மூன்றாம் மாதம் உடைப்பதைவிட அது மேல். நாங்கள் முன்பு ஒரு தரம் 60,000 என்று வீரம் பேசி, இரண்டாம் மாதமே அரிசிக்கு அட்டையைத் தேய்த்தோம்.

அப்புறம், 5,000 ரூபாய் 'கேள்வியில்லாக் காசு'. அவருக்கு 2,500, எனக்கு 2,500. எதற்குச் செலவழித்தாய் என்று மற்றவர் கேட்கக்கூடாது. நான் சனிக்கிழமைகளில் காலி வீதியில் மசாலா தோசை சாப்பிட்டேன். இதையும் வெட்டியிருந்தால் நாலாம் மாதமே எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

6. சித்திரை, தீபாவளி, கல்யாண வீடு

வருடத்தில் இந்த மாதங்களில்தான் திட்டம் உடையும். ஏப்ரலில் போனஸ் வரும் என்ற நம்பிக்கையில் மார்ச்சிலேயே செலவழிப்போம். போனஸ் வருமுன் தாளில் பிரித்து எழுதுங்கள். எங்கள் முறை: பாதி கடனுக்கு, கால்வாசி பண்டிகைக்கு, கால்வாசி அவசரத்துக்கு. முழுவதையும் கடனுக்குப் போட்டால் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு அட்டையில்தான் வரும்.

கல்யாணங்களுக்கு ஒரே தொகை என்று முடிவெடுத்தோம், நெருக்கமோ தூரமோ. முதல் தரம் அந்த என்வலப்பை நீட்டக் கூசியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாமி மட்டும் "என்ன பிள்ளை, அதே சாறியா?" என்றார். "ஓம் மாமி, எனக்கு இதுதான் வடிவு" என்றேன்.

கடைகளில் 'வட்டியில்லாத் தவணை' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தால் கையாளும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு தவணை தவறினால் என்ன வட்டி என்றும் கேளுங்கள். சீட்டுப் போட்டுக் கடன் அடைப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு. கழிவு கேட்டு ஆரம்பத்திலேயே சீட்டை எடுத்தால் அதுவும் கடன்தான், பெயர்தான் வேறு.

7. நடுவழியில் சறுக்கினால்

சறுக்குவீர்கள். பதினான்காம் மாதம் சின்னவனுக்கு டெங்கு. தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள், 62,000 ரூபாய். அவசரத்துக்கு வைத்திருந்தது 20,000தான். மிச்சத்துக்குப் பிஸ்கட் டின் கீழே இறங்கியது.

அந்த மாதக் கடைசியில் தாளில் நிறம் தீட்ட ஒன்றுமில்லை, நாலு கட்டம் அழிக்க வேண்டியிருந்தது. அழித்தால் இனித் தொடமாட்டேன் என்று தோன்றியது. அவர் சொன்னார், அழிக்காதே, கீழே புதிதாக நாலு கட்டம் வரை என்று. வரைந்தோம். ஏற்கெனவே பச்சையானது பச்சையாகவே இருந்தது. இரண்டு மாதம் பிந்தியது, அவ்வளவுதான். கட்டம் வரைகிற யோசனை எடுபடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

இதிலிருந்து ஒரு வேலை: கடன் கட்டத் தொடங்குமுன் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவாவது தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கடனுக்கு வட்டி ஓடும்போது சேமிப்பா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

தவணையே கட்ட முடியாத நிலை, வேலை போய்விட்டது என்றால், தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போங்கள். சம்பளச் சிட்டை அல்லது வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், மருத்துவ பில்கள், ஆறு மாத வங்கிக் கூற்று, எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே எழுதிய ஒரு கடிதம், இவற்றைக் கொண்டுபோங்கள். கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். வாயால் சொன்னதை மூன்று மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் கடன் என்று விளம்பரம் செய்கிற போன் செயலிகள் பக்கம் போகவேண்டாம். ஒரு கடனை அடைக்க அதில் எடுத்த என் அலுவலகப் பிள்ளையின் தொடர்புப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போன் போனது. எனக்கும் வந்தது.

8. கடன் அறவிடும் போன் அழைப்புகள்

பகல் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், கோயில் வாசலில் வரும். எடுக்காமல் விட்டால் பயம்தான் கூடும். எடுத்து மூன்றே விடயம் சொல்லுங்கள்: எந்தத் திகதி, எவ்வளவு, எந்த வழியில் கட்டுவேன். அழைத்தவர் பெயர், நேரம், பேசியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சொன்ன திகதியில் கட்டுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்ததும் எனக்கு அழைப்புகள் குறைந்தன.

மிரட்டினால், அலுவலகத்துக்கு அடித்து மேலாளரிடம் சொன்னால், முதலில் வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன என்பதையும் தெரிந்து வையுங்கள். நான் எழுதிய கொப்பி அங்கேதான் உதவியது.

கடன் நெருக்கம் நித்திரையைக் கெடுத்து, வேண்டாத யோசனை வருகிறதென்றால் 1926க்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. நகையை மீட்கிற நாள்

அடைவில் பெரும் பொறி என்னவென்றால் வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பது. 225,000க்கு 18 சதவீதம் என்றால் வருடம் 40,500. நாலு வருடம் புதுப்பித்தால் கிட்டத்தட்ட 162,000 கட்டியும் நகை உள்ளேதான். ஒரு வருடம் மறந்தால் அறுதியாகி நகை கைவிட்டுப் போய்விடும். சீட்டில் உள்ள கடைசித் திகதியைப் போனிலும் கலண்டரிலும் போடுங்கள். பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேளுங்கள். என் கிளையில் எடுத்தார்கள், அதனால் வட்டியும் குறைந்தது.

மீட்கப் போகும்போது அசல் சீட்டும் அடையாள அட்டையும், சீட்டு யார் பெயரிலோ அவரும். காலையிலேயே போங்கள். கையெழுத்து வைக்குமுன் நகையை எண்ணி, சீட்டில் எழுதிய நிறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கவுண்டரில் சின்னத் துணிப்பையைப் பிரித்து என் இரண்டு காப்பையும் வைத்தபோது, ஒன்றின் உட்பக்கத்தில் பிள்ளை கடித்த பல் தடம் அப்படியே இருந்தது. பஸ்ஸில் போகாமல் ஆட்டோ பிடித்தேன். அதற்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

10. முடித்ததற்குக் காகிதம் வாங்குங்கள்

இரண்டாம் அட்டையில் நான் விட்ட பிழை இது. நிலுவை பூச்சியம் என்று செயலியில் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக இருந்துவிட்டேன். அட்டையை எழுத்தில் இரத்துச் செய்யவில்லை. சில மாதத்தில் ஆண்டுக் கட்டணம் விழுந்து, அதற்குத் தாமதக் கட்டணமும் ஏறி, 6,000க்கு மேல் நின்றது. போராடிப் பாதியைக் கழித்தேன்.

கடனட்டை என்றால்: கடைசி ஸ்டேட்மென்ட்டுக்குப் பிறகும் ஓடிய வட்டியைக் கேட்டு அதையும் கட்டுங்கள், இரத்துக் கடிதம் கொடுங்கள், நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். தனிநபர் கடனை முந்தி முடிப்பதென்றால் குறிப்பிட்ட திகதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். முந்தி முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அதையும் மிச்சமிருக்கும் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்குக் கடைசி மூன்று தவணைதான் மிச்சம், முந்தி அடைத்ததில் பெரிய லாபம் இல்லை. ஆனாலும் அடைத்தோம். கடிதம் வர இரண்டு வாரம் எடுத்தது. சில இடங்களில் அதற்கும் காசு கேட்பார்கள். கடிதம் கைக்கு வந்து இரண்டு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையை மறுபடி எடுத்து, முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பிணை நின்றவர்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் கடன் அவர்கள் அறிக்கையிலும் இருக்கிறது. எனக்குப் பிணை நின்ற அண்ணா ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, என் கடன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, வேறு ஒருவர் மூலம் அறிந்தேன். கடிதம் வந்த அன்று போட்டோக் கொப்பி ஒன்று எடுத்து அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு வடிவாக வாசித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இனி அடுத்தது எடுக்கிற யோசனை இல்லைத்தானே, தங்கச்சி?" என்றார்.